நூற்று இருபதுக்கு எண்பது

ஐப்பசி பதினாலு, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். மூட்டம், விட்டு விட்டுத் தூறல். மன்னார்குடிப் பக்கம் ஓர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. அங்கே ஓர் இரும்புக் கட்டிலில் நான் நோயாளியாகப் படுத்திருந்தேன்.

பயப்படாதீர்கள். ஒத்திகைதான்.

எங்கள் தெருவில் இருக்கும் கலைவாணி டீச்சர் அந்தப் பள்ளியில் பிளஸ் டூ நர்சிங் குரூப் எடுக்கிறார். பிள்ளைகள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்தே பழகிவிட்டார்களாம். "எல்லாம் பதினேழு வயசுக் கை சார். ஒரு வயசானவர் கை வேணும்" என்றார். எழுபத்து மூன்று வயதில் எனக்கு வந்த வேலைவாய்ப்பு... விடுவேனா?

டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார். இன்று சரியாகப் பார்க்கிறவர்கள்தான் நாளை ஆஸ்பத்திரி வார்டுக்குப் பயிற்சிக்குப் போகலாம். நான்கு பெண்கள். நான்கு முகத்திலும் வியர்வை.

முதல் பெண் நாடி பார்க்க என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு நிமிடம் ஆயிற்று. விடவில்லை. இரண்டாவது நிமிடமும் ஓடிற்று.

"என்னம்மா, நாடி கிடைக்கலையா?"

"அது அப்பவே எண்ணியாச்சு தாத்தா. இப்ப உங்க மூச்சை எண்ணினேன். முன்னாடியே சொன்னா நீங்க மூச்சை மாத்தி விடுவீங்க. அதான் நாடி பார்க்கிற மாதிரியே இருந்தேன்."

அசந்துபோனேன். படிக்கட்டு, பஸ் தாமதம், சாம்பாரில் கிடக்கும் முருங்கைக்காய்த் துண்டு — எல்லாவற்றையும் எண்ணுகிறவன் நான். என்னையே ஒருத்தி எண்ணிவிட்டாள், எனக்குத் தெரியாமல்!

அடுத்தது பிரஷர். முதல் பெண், "நூத்தி இருபது, எண்பது" என்றாள். இரண்டாவது பெண்ணும் அதே. மூன்றாவதும் அதே. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

நான்காவது பர்வீன். கூத்தாநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். கையில் பட்டையைச் சுற்றினாள், பம்பை அழுத்தினாள், ஸ்டெதஸ்கோப்பில் கேட்டாள். முகம் மாறியது. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி கேட்டாள்.

"டீச்சர்... நூத்தி எழுபத்தாறு, நூத்தி நாலு."

கொல்லென்று சிரிப்பு. "ஏய், காதுல பஞ்சு வெச்சிருக்கியாடி?" "உன் வார்டு போச்சுடி!"

துபாயில் இருக்கும் அத்தாவிடம், அதாவது அப்பாவிடம், போனில் கெஞ்சி வார்டுக்கு அனுமதி வாங்கியிருந்தவள் அவள். மூன்று பேர் சொன்னதையே தானும் சொல்லியிருந்தால் பேசாமல் போயிருக்கலாம் அல்லவா?

"யோசிச்சுச் சொல்லு" என்றார் டீச்சர்.

"எனக்குக் கேட்டது அதுதான் டீச்சர்." கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. எண் மட்டும் மாறவில்லை.

டீச்சர் தானே பார்த்தார். நூற்று எழுபத்தெட்டு, நூற்று நாலு.

சிரிப்பு நின்றது. மூன்றாவது பெண் மெல்ல வாயைத் திறந்தாள். "எனக்கும் நூத்தி எழுபதுக்கு மேலதான் கேட்டுச்சு டீச்சர். நமக்காக வந்திருக்கிற பெரியவங்க... மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது?" மற்ற இருவரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

கோபம் வரவில்லை. நம் பக்கத்து வழக்கம்தானே? ஒரு கிலோ சாத்துக்குடியோடு ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஆள் பாதியாகக் கிடப்பார். "நல்லாத்தானே இருக்கீங்க, ஒண்ணுமில்லை!" என்போம். வெளியே வந்து உச்சுக்கொட்டுவோம். அந்த மரியாதையைத்தான் மூன்று பெண்களும் எனக்குச் செய்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் செய்திருந்தால் என் வீட்டுக்கே சாத்துக்குடி வந்திருக்கும்.

ஊர் முழுக்க இனிப்பாகச் சொல்லும் ஒரு பொய்யை, பதினேழு வயதில், அழுதுகொண்டே சொல்ல மறுத்தாளே ஒருத்தி! இதை எந்தப் பாடத்தில் வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள்?

"பர்வீன், நாளைக்கு நீ வார்டுக்கு வா" என்றார் டீச்சர். "நீங்க மூணு பேரும் நாளைக்கு இங்கயே இருங்க. கேட்டதைச் சொல்லப் பழகுங்க."

பர்வீன் அதற்குச் சிரிக்கக்கூட இல்லை. நேரே என்னிடம் வந்தாள்.

"தாத்தா, தலை சுத்துதா?"

"இல்லைம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

"சுத்தாட்டியும் சரி. வீட்டுக்குப் போகாதீங்க, நேரா டாக்டர்கிட்ட போங்க."

போனேன். "யார் பார்த்துச் சொன்னது?" என்று கேட்டார் டாக்டர். "எங்க நர்ஸ்" என்றேன்.

டாக்டருக்கு முந்நூறு, ஒரு மாத மாத்திரை நூற்று எண்பத்தாறு, ஆட்டோ நூற்று முப்பது. உயிரின் விலை, ஆக மொத்தம், அறுநூற்றுப் பதினாறு ரூபாய்.