ராகுகாலத்தில் புறப்பட்ட ரயில்

மதராஸ் நேரம் போய், தேசம் முழுவதற்கும் ஒரே நேரம் என்று கடிகாரங்களை ஒன்பது நிமிஷம் முன்னால் தள்ளிவைத்த வருஷம், நான் திருநெல்வேலியில் குமாஸ்தா. காலையில் ஒன்பது நிமிஷத் தூக்கம் போயிற்று. சாயங்காலம் ஒன்பது நிமிஷ வெளிச்சம் மிச்சமிருக்க ஆற்றில் குளிக்க முடிந்தது. எனக்குச் சரிக்குச் சரி. அப்பா மட்டும் தம் பைக்கடிகாரத்தைத் திருப்ப மறுத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் சேரன்மகாதேவியில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் தகப்பனார் ரயில்வே உத்தியோகஸ்தர். திங்கட்கிழமை காலை ரயிலில் வந்து பேசி முடிக்காவிட்டால், தென்காசி வரனுக்கு வாக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அந்தப் பெண்ணைத் தேரோட்டத்தில் ஒருமுறை பார்த்திருந்தேன். ஆகையால் இழக்கப்போவது என்னவென்று எனக்குத் திட்டமாகத் தெரியும்.

திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது வரை. ரயில் புது நேரப்படி ஒன்பது ஐந்துக்கு. ஏழு மணிக்கே வீட்டைவிட்டு வந்துவிட்டோம். ரயில் வந்து நின்றது. அப்பா தம் பைக்கடிகாரத்தைப் பார்த்தார்; ஏறவில்லை.

“எட்டு அம்பத்தஞ்சுதான் ஆகுது. ராகு போகட்டும் லே.”

“ஸ்டேஷன் கடிகாரத்துல ஒம்பது தாண்டிட்டுப்பா.”

“ராகு என்ன சர்க்கார் உத்தியோகஸ்தனா, உத்தரவு வந்ததும் எந்திரிச்சுப் போக?”

கார்டு எங்கள் கையிலிருந்த தாம்பூலத் தட்டைப் பார்த்தார். “ஏறும் வே! பொண்ணு கேக்கப் போறவருக்காக ரயில் காத்துக் கெடக்குமா?”

ரயில் போயிற்று. நாலு நிமிஷம் கழித்து ராகுவும் போனார்.

மாட்டுவண்டியில் போய்ச் சேர்ந்தபோது எந்தக் கணக்கிலும் இரண்டு மணி தாண்டியிருந்தது. பெண்ணின் தகப்பனார் வாசலை மறித்து நின்றார்.

“ரயில்வேக்காரன் வீட்டுக்கு ரயிலை விட்டுட்டு வாரேரே, உமக்கா பொண்ணு குடுக்கது?”

“அண்ணாச்சி, உங்க பொண்ணு ஜாதகம் எந்த நேரத்துல கணிச்சது? பழைய நேரந்தானே? அதையும் ஒம்பது நிமிஷம் தள்ளுவீயளோ?” என்றார் அப்பா.

அவர் வாசலைவிட்டு விலகினார். “அதை மட்டும் விட்டுரும் வே. உள்ள வாரும்.”

கல்யாணத்தன்று அப்பாவும் மாமனாரும் ஆளுக்கொரு கடிகாரத்தோடு மணவறை அருகில் நின்றார்கள். ரயில்வே கணக்கில் முகூர்த்தம் வந்ததும் மாமனார், “கட்டும் மாப்பிளே” என்றார். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மேளக்காரர் கெட்டிமேளத்தை இரண்டு தடவை ஆரம்பித்து இரண்டு தடவையும் நிறுத்தினார். தாலியை ஏந்தியபடி ஒன்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்.

குனிந்த தலை நிமிராமல் மணப்பெண், “கை வலிக்கோ?” என்று கேட்டாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.