வேப்பிலை கட்டிய இரும்புத் தொப்பி

நான் வேலை பார்த்த ஸ்டோரின் பின்சுவரில், ஜன்னலுக்கும் மண்ணெண்ணெய் டின்களுக்கும் நடுவே, ஓர் ஆணி இருந்தது. அதில் ஓர் இரும்புத் தொப்பி தொங்கியது. அதன் தோல்வாரில் மஞ்சள் துணி ஒன்று முடிந்திருந்தது. துணியில் செருகிய வேப்பிலை காய்ந்து, காற்றடித்தால் ஒன்றிரண்டாகத் தரையில் உதிரும். கதவைத் திறந்து போட்டுவிட்டு நான் சாப்பிடப் போவேன். திரும்பி வந்தால் சோப்புக் கட்டி குறைந்திருக்கும், கயிறு குறைந்திருக்கும். ஒருமுறை தராசின் ஒரு தட்டே போயிற்று. தொப்பி மட்டும் ஆணியிலேயே இருக்கும். அது அப்படியே இருந்ததற்கு நான்தான் காரணம்.

யுத்தகாலம். ஆவடிப் பக்கத்துப் பொட்டலில் ஓலைக் கொட்டகைகளாகப் போட்டிருந்த ராணுவ முகாம் ஒன்றின் ஸ்டோரில் நான் சிவில் குமாஸ்தா. பூந்தமல்லியிலிருந்து சைக்கிளில் வருவேன். நாங்கள் கிறிஸ்தவர்கள், இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் சொல்ல வந்த மனிதரை முகாமில் எல்லாரும் ரைடர் என்றே கூப்பிட்டார்கள். ராணுவக் கடிதங்களை மோட்டார் சைக்கிளில் எடுத்துக்கொண்டு, பருத்திப்பட்டு வழியாகப் பெரிய ரோட்டைப் பிடித்து, பட்டணத்தில் கொடுத்துவிட்டுப் பதில் வாங்கி வருவது அவர் வேலை. சென்னீர்குப்பத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மாட்டை ஓட்டுவது போலவே வண்டியையும் நாக்கைச் சொடுக்கித்தான் கிளப்புவார். இஞ்சினுக்குக் காது உண்டா என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். "உன் பொண்டாட்டிக்குக் கீதா? நீ கூப்ட்டா வர்றாளா?" என்று திருப்பிக் கேட்பார்.

அவர் என்னிடம் தொப்பிக்காக வந்தது இரண்டாம் முறை. முதல் தொப்பி திருட்டுப் போயிருந்தது. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கடையில் இரும்புச் சட்டி கிடைக்காத காலம் அது. கவிழ்த்தால் தொப்பி, நிமிர்த்தினால் சட்டி. வேர்க்கடலை வறுக்கவும், மாட்டுக்குத் தவிடு கலக்கவும், கிணற்றில் தண்ணீர் மொள்ளவும் அது உதவியது. வெளியார் ஒருவர் ஒன்றைத் திருடினால், பறிகொடுத்தவர் சாமான் சோதனை நாளுக்கு முன்பு அடுத்தவருடையதை எடுத்துக்கொள்வார், அவர் இன்னொருவருடையதை. முதல் திருட்டு ஒன்றுதான், மற்றதெல்லாம் அதன் குட்டிகள். போதாக்குறைக்கு, கடிதம் வாங்கும் அதிகாரி தொப்பியோடு யாரும் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். தொப்பி வெளியே வண்டியின் கைப்பிடியில் தொங்க வேண்டும். இன்னொன்று தொலைந்தால் வண்டியைப் பிடுங்கிக்கொண்டு அஸ்ஸாம் பக்கம் யுத்தமுனைக்கு அனுப்பிவிடுவோம் என்று ரைடரிடம் சொல்லிவிட்டார்கள். வீட்டில் கைக்குழந்தையோடு மனைவி இருந்தாள்.

பலகையில் பன்னிரண்டு தொப்பிகளை அடுக்கி வைத்தேன். அவருக்கு ஒடுங்கிய, நீண்ட தலை. ஒவ்வொன்றாகப் போட்டுத் தலையை ஆட்டினார். "இன்னா அண்ணாத்தே, வேலி முட்டுல கவுத்த பானையாட்டம் சுத்திக்கினு கீது" என்றார். குனிந்து காலின் பெருவிரலைப் பார்க்கச் சொன்னேன். அது நானாகக் கண்டுபிடித்த சோதனை: குனியும்போது விழுகிற தொப்பி, ஆள் வண்டியிலிருந்து விழும்போது தலையில் இருக்காது. எட்டு விழுந்தன. ஒன்பதாவது நின்றது. அதைக் கழற்றாமலே ஸ்டோரைச் சுற்றி நடந்தார், தூணில் ஒருமுறை முட்டியும் பார்த்தார். "இது எனக்குன்னே செஞ்சது" என்றார். அடுத்த நிமிஷமே முகம் வாடிவிட்டது. "இதையும் தூக்கிடுவானுங்களே."

அந்தக் கோடையில் அம்மை போட்டிருந்தது. நான் வருகிற வழியில் பல வாசல்களில் வேப்பிலை செருகியிருந்தார்கள். அப்படி ஒரு வீட்டின் முன், தெருவோரம், ஒரு பித்தளைக் குடம் இருந்தது. ஒரு வாரமாக அதைத் தினமும் பார்த்தேன். நகரவே இல்லை. பித்தளைக்குக் கொலையே நடக்கக்கூடிய காலத்தில் அந்தக் குடத்தை ஒருவரும் தொடவில்லை. அதை ரைடரிடம் சொன்னேன். சொன்னதோடு விட்டிருக்கலாம். மறுநாள் வீட்டிலிருந்து மஞ்சள்தூள் கொண்டுவந்து, ஒரு கந்தலை நனைத்து, தோல்வாரில் நானே முடிந்தேன். தொப்பியின் உட்புறத்திலும் மஞ்சளைத் தடவினேன். வேப்பிலை அவர் பறித்து வந்தார். எனக்கு அது வெறும் இலை.

அவர் மனைவிக்கு அப்படியல்ல. ஒரு மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டுவந்தவள் ஸ்டோர் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள். "ஆத்தா வராத எடத்துல வந்துட்டான்னு சொல்றது தப்புண்ணா. நீங்க வேற சாமி. உங்களுக்குத் தெரியாது." நான் சிரித்தேன். அவர் அஸ்ஸாம் போவது உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். அதற்குப் பிறகு வாரம் இருமுறை இலை மாற்றுவது அவள்தான் என்று ரைடர் சொன்னார். மாற்றும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வாளாம்.

தந்திரம் பலித்தது. மற்ற வண்டிகளின் கைப்பிடிகள் மொட்டையாக நிற்க, அவருடையதில் தொப்பி அசையாமல் இருந்தது. டீக்கடைக்காரர் தூரத்திலிருந்தே, "நைனா, அத்த அந்தாண்ட வெச்சுட்டு வாயேன்" என்பார். முதலில் வண்டியை நிறுத்தும்போது மட்டும் துணியைக் கட்டி, கிளம்பும்போது அவிழ்ப்பார். நாளடைவில் அவிழ்ப்பதை விட்டுவிட்டார். வேப்பிலை பின்கழுத்தில் ஆட, தூசியைக் கிளப்பிக்கொண்டு அவர் போவதைப் பார்த்து நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

வேலப்பன்சாவடி தாண்டி ஓர் எருமை குறுக்கே வந்தது. பிற்பகல், வெயில் தாழாத நேரம். பிறகு பத்திரிகைக்குப் போய் எத்தனையோ விபத்துகளை எழுதியிருக்கிறேன். விசாரித்து எழுதுவதை நான் கற்றது இந்த ஒன்றில்தான். மறுவாரம் அந்த இடத்துக்குப் போய், பார்த்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டேன். ரைடர் புளியமரத்தில் மோதி விழுந்தார். தலையில் அடியில்லை. தொடையில் எலும்பு முறிந்து வெளியே வந்திருந்தது. துணியால் இறுகக் கட்டி, ஒரு கட்டைவண்டியில் ஏற்றியிருந்தால் பூந்தமல்லி ஆஸ்பத்திரி எட்டும் தூரம். கட்டைவண்டிகள் அங்கே இருந்தன. ஆட்களும் இருந்தார்கள்.

அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. ஒருவரும் ஓடிப்போகவில்லை. சுற்றி நின்றார்கள், ஆனால் பத்தடி தள்ளி. வண்டிகள் விலகிப் போகட்டுமென்று ஒருவர் ரோட்டில் வேப்பங்கிளையை ஒடித்துப் போட்டார். ஒரு பெண் மஞ்சள்நீர் தெளித்தாள், ஒருவர் கற்பூரம் கொளுத்தினார். ரைடர் தண்ணீர் கேட்டபோது அந்தப் பெண் ஒரு கலயத்தில் நீர்மோர் கொண்டுவந்து, எவ்வளவு அருகில் வரத் துணிந்தாளோ அங்கே வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். அவர் கை எட்டவில்லை.

"அம்மை இல்ல, சும்மா கட்டினது, தொப்பி திருட்டுப் போவாம இருக்க" என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அதை எனக்குச் சொன்னவர் வானகரத்துக்காரர், அன்று வைக்கோல் வண்டியோடு நின்றிருந்தவர். "நீங்க இன்னா சொன்னீங்க?" என்று கேட்டேன். "அப்டிலாம் சொல்லாத நைனா, ஆத்தா கேட்டுக்கினு கீறான்னு சொன்னேன். ஜொரத்துல பெனாத்துறாருன்னு நெனச்சோம்." பிறகு அவரே கேட்டார்: "நெஜமாவே அம்மை இல்லியா?" இல்லை என்றேன். அவர் திரும்பித் தம் மாட்டின் முதுகைத் தடவினார்.

ராணுவ லாரி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. உயிர் அதற்கு முன்பே போய்விட்டது. மோட்டார் சைக்கிளில் கட்டியிருந்த தார்ப்பாயைக் காணவில்லை. அது எப்போது போனதென்று யாருக்கும் தெரியவில்லை. தொப்பி அவர் தலையிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் அதை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்கள். திரும்பி வரும் பொருளின் நிலையை நான் எழுத வேண்டும். நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். ஒரு நசுங்கலும் இல்லை. பழுதில்லை என்று எழுதினேன். வேறு யாருக்கும் அது பொருந்தவில்லை. அதற்காக யாரும் போட்டுப் பார்த்ததாகவும் சொல்ல முடியாது. ஆணியில் மாட்டினேன். அந்த முடிச்சை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை.

கருமாதி முடிந்து அவர் மனைவி வந்தாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. திட்டுவாள் என்று எழுந்து நின்றேன். ஆணியில் தொங்கியதைப் பார்த்தாள். "ஆத்தா மேல கோவம் இல்லண்ணா. அவ பேர்ல பொய் சொன்னது நாமதானே" என்றாள். அந்த 'நாம'வை நான் மறுத்திருக்க வேண்டும். அதில் அவளுக்குப் பங்கில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தரையில் உதிர்ந்திருந்த இலைகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். அப்புறம் அவளை நான் பார்க்கவே இல்லை.

இப்போது அம்பத்தூரில் இருக்கிறேன். பெரியம்மையே ஒழிந்துவிட்டது. போன மாதம் மகன் மோட்டார் சைக்கிள் வாங்கினான்; கூடவே கறுப்பு நிறத்தில் ஒரு ஹெல்மெட். போட்டுக்கொண்டு வந்து நின்றான். குனிந்து கால் விரலைப் பார் என்றேன். சிரித்துக்கொண்டே குனிந்தான். விழவில்லை.

"வண்டியில வெச்சிட்டுப் போனா திருடிடுவாங்கப்பா. சங்கிலி போட்டாலும் அறுத்துடறாங்க. எதாவது வழி இருக்கா?" என்றான்.

எனக்கு அந்த ஆணி ஞாபகம் வந்தது. முகாமில் எல்லாம் களவு போனபோதும் போகாமல் தொங்கிய அந்த ஒன்று.

"போனா போகட்டும். எடுத்துக்கிட்டுப் போறவன் பயப்படாம தொடவாவது செய்யறானே" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு உள்ளே போனான்.