கடலை மட்டும் வெட்டச் சொன்னவர்

கோட்டைப்பட்டினத்தில் கேக் செய்யும் அந்த அம்மா ஒல்லியாக இருப்பார். பேசும்போதெல்லாம் கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டே இருப்பார்.

நண்பனின் பிறந்தநாளுக்கு அவன் மகள்கள் வீட்டைக் கடல்போல அலங்கரித்தார்கள். அவனுடைய படகு மாதிரியே கேக் வேண்டுமென்று அந்த அம்மாவிடம் படத்தை நீட்டினேன்.

"இந்த போட்டு இப்ப கரையில கெடக்கா?"

"கடல்லங்க. அவன் மகன் போயிருக்கான். நாளைக்கு விருந்துக்குள்ள வந்துருவான்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப போட்டை வெட்டக் கூடாதுங்க. அடியில கடலு மாதிரி ஒரு கேக்கு வச்சுத் தாரேன். அத மட்டும் வெட்டச் சொல்லுங்க."

விருந்து நேரத்துக்குப் பையன் வரவில்லை. நண்பன் கடலை மட்டும் வெட்டினான். படகைத் தொட யாருக்கும் கை வரவில்லை.

மறுநாள் மதியம் பையன் கரை சேர்ந்தான். அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"வந்துட்டான்ல, போதுங்க" என்று சொல்லிக் கத்தியைத் துடைத்தார். அவர் வீட்டில் யாராவது கடலுக்குப் போய்த் திரும்பாமல் போனார்களோ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.