ஒரு வட்டமும் காலியாக விடாதே

அக்காவை நினைத்தால் முதலில் ஒரு கத்தைத் தாள்தான் கண்முன் வருகிறது. அவர் மகள் எழுதவிருந்த மருத்துவ நுழைவுத் தேர்வின் தகவல் கையேடு. செராக்ஸ் கடையில் எடுத்த பிரதி. சாப்பாட்டுப் பையில் புளிக்குழம்பு டப்பாவோடு சேர்த்துக் கொண்டுவந்ததால் ஓரமெல்லாம் எண்ணெய் ஏறியிருந்தது. கேன்டீனில் என் தட்டுக்கு எதிரே அதைப் போட்டுவிட்டு, "இத எனக்குப் புரியற மாதிரி சொல்லு நைனா" என்றார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கான ரப்பர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. அக்கா பேக்கிங் பிரிவு. ஆரம்பாக்கம் பக்கத்து ஊர்க்காரர். ஆந்திர எல்லை கூப்பிடு தூரத்தில் இருந்ததால் பிடித்தவர்களை எல்லாம் நைனா என்றுதான் அழைப்பார். கணவர் இறந்த பிறகு வேலைக்கு வந்தவர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நான் தரப் பரிசோதனையில் இருந்தேன். பன்னிரண்டாவது முடித்திருந்தேன். அதற்கு மேல் படிக்கவில்லை. நான்கு பேர் சேர்ந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அக்காவோடு பேசும்போதும் தலை தானாகக் குனிந்துவிடும்.

"இன்னா நைனா, சோத்தப் பாத்துக்கினே பேசுற? சோறா எனக்குப் பதில் சொல்லப்போவுது?" என்று அன்றும் கேட்டார். பக்கத்து மேஜைப் பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகியது. ஆனால் அக்காவின் கேலியில் குத்தல் இருக்காது. நம்மையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வது போலத்தான் இருக்கும்.

மகள் படிக்கிறாள், மகளுக்குப் புரிந்தால் போதாதா, நீங்கள் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் அப்படியே நினைவிருக்கிறது. "அவ உள்ள போய்ட்டான்னா நான் மூணு மணி நேரம் வெளில நிக்கணும் நைனா. உள்ள இன்னா நடக்குதுன்னே தெரியாம மாடு மாதிரி நிக்கச் சொல்றியா?"

படித்துச் சொன்னேன். மொத்தம் நூற்றெண்பது கேள்விகள். இயற்பியலில் நாற்பத்தைந்து, வேதியியலில் நாற்பத்தைந்து, உயிரியலில் தொண்ணூறு. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் கொடுத்திருப்பார்கள். சரியானதற்கு எதிரே உள்ள வட்டத்தைப் பேனாவால் நிரப்ப வேண்டும். நிரப்பியதை அழிக்க முடியாது. நேரம் நூற்றெண்பது நிமிடம். அக்கா விரலை மடக்கி யோசித்தார். "அப்போ நிமிஷத்துக்கு ஒண்ணு. நம்ம லைன் மாதிரிதான். என் பொண்ணுக்கும் டார்கெட் போட்டுட்டானுங்க பாரு" என்று மேஜையைத் தட்டிச் சிரித்தார். அந்தத் தேர்வை அதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

உணவு இடைவேளை முடியும் மணி அடித்தபோது நான் பாதியைத்தான் தாண்டியிருந்தேன். மதிப்பெண் போடும் முறை உள்ள பக்கத்துக்கு வரவே இல்லை. மறுநாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு வரை அக்காவுக்கு விடுப்பு. டப்பாவை மூடிக்கொண்டே, "மிச்சத்த நீயே வச்சிப் படி. எதனா முக்கியமா இருந்தா ஒரு போன் போடு. இப்போ ஒண்ணே ஒண்ணு சொல்லு, நான் அவகிட்ட சொல்றதுக்கு. படிப்பப் பத்தி அவகிட்ட நான் ஒரு வார்த்த பேசுனது இல்ல. தெரிஞ்சாதான பேச?" என்றார்.

நான் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்காக ஒருவர் அப்படிக் காத்து நின்றது என் வாழ்வில் அதுதான் முதல் தடவை. எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றைச் சொல்ல நினைத்தேன். மணிக்கு ஒருமுறை பாகத்தை அளந்து பரிசோதனைத் தாளில் எழுதுவதுதான் என் வேலை. அந்தத் தாளில் எண் தப்பாக இருந்தால்கூட விளக்கம் கேட்டுவிட்டு விடுவார்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தால் விடமாட்டார்கள். தணிக்கைக்கு வருகிறவர் பாகத்தைத் தொடுவதற்கு முன்பு காலிக் கட்டத்தைத்தான் தேடுவார். ஒரே ஒரு கட்டத்துக்காக நான் ஒருமுறை மெமோ வாங்கியிருக்கிறேன். வேலை நேரம் முடியும்போது அளக்காமல் விட்ட கட்டங்களில் உத்தேசமாக ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போவது எங்கள் எல்லோருக்கும் கைப்பழக்கம். அதனால் சொன்னேன்: "ஒரு வட்டத்தக்கூட காலியா விடக்கூடாதுன்னு சொல்லுங்க அக்கா. தெரியலன்னாலும் எதையாவது நிரப்பிட்டு வரணும்."

"அவ்ளோதான? அடிச்சிச் சொல்லிட்றேன்" என்று அக்கா கிளம்பினார்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் கம்பெனி பேருந்தில் மீதிப் பக்கங்களைப் படித்தேன். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிக்கப்படும். விடையளிக்காத கேள்விக்கு மதிப்பெண் இல்லை, கழிப்பதும் இல்லை. மூன்று முறை படித்தேன். பேருந்து கவரைப்பேட்டையைத் தாண்டியது தெரியவில்லை. தெரியாததை விட்டுவிடலாம் என்கிற தேர்வுக்குத் தெரியாததையும் நிரப்பு என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அக்காவின் எண் என் கைப்பேசியில் இருந்தது. வியாழன் முழுதும் மதிய இடைவேளையில் கூப்பிடலாம், மாலையில் கூப்பிடலாம் என்று தள்ளினேன். வெள்ளியன்று எண்ணை அழுத்தி, மணி போவதற்குள் வெட்டிவிட்டேன். என்ன சொல்லித் தொடங்குவது? அன்று சொன்னது தப்பு என்றா? என்னைப் படித்தவனாக நினைத்த ஒரே மனுஷி அவர். அந்த நினைப்பை நானே கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அந்தப் பெண் பள்ளியில் எத்தனை மாதிரித் தேர்வு எழுதியிருப்பாள், இது அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை அந்தச் சமாதானமே போதுமானதாகிவிட்டது. கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை அக்கா வேலைக்கு வந்தார். பிளாஸ்டிக் டப்பா நிறைய நுங்கு கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "மூணு மணி நேரமும் மனசுக்குள்ள எண்ணிக்கினே நின்னேன் நைனா. இப்போ இயற்பியல் முடிச்சிருப்பா, இப்போ உயிரியல்ல பாதி வந்திருப்பான்னு. பக்கத்துல நின்ன பொம்பளைங்களுக்கெல்லாம் நான்தான் வெளக்கம் சொன்னேன். அதுல ஒருத்தி என்னை டீச்சரான்னு கேட்டா!" என்று வாயைப் பொத்திச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ சொன்ன மாதிரியே ஒண்ணு உடாம நெரப்பிட்டாளாம்" என்றார். வயிறு சரியில்லை என்று டப்பாவை மூடினேன்.

முடிவு வந்தது. அவளுடைய இட ஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசி இடம் கிடைத்தவரைவிட ஒன்பது மதிப்பெண் குறைவு. "கேள்விங்க ரொம்ப கஷ்டமாம். நீயும் இன்னா பண்ணுவ, உன்னால ஆனத சொன்ன. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று அக்காதான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

அடுத்த வருடம் அப்படி வரவில்லை. மழைக்காலத்தில் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மின்சார ரயிலில் கூட்டிக்கொண்டு போய் வந்தது அந்தப் பெண்தான். புத்தகத்தைத் திறக்க அவளுக்கு ஏது நேரம். மறுபடி நுங்குக் காலம் வருவதற்குள் அக்கா போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். வந்தவர்கள் கலைந்த பிறகு, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் வெளியே வந்தாள். அம்மாவின் ஜாடை. பேச்சு மட்டும் மெல்லியது. "ஒண்ணு கேக்கணும் மாமா. தப்பான பதிலுக்கு மார்க் கொறப்பாங்கன்னு அம்மாகிட்ட நீங்க சொன்னீங்களா?" என்றாள். சொல்லவில்லை என்றேன். அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாம இருக்குமா மாமா? முப்பத்தோரு கேள்வி தெரியல, உட்டு வச்சிருந்தேன். ஆனா உள்ள போறதுக்கு முன்னாடி அம்மா கேட்டாண்ட நின்னுக்கினு என் கையப் புடிச்சிக்கினு, ஒண்ணையும் காலியா உடாதடின்னாங்க. எல்லாம் தெரிஞ்சவங்க மாதிரி சொன்னாங்க. அவங்க மொகம் அப்படி ஒரு சந்தோஷமா இருந்து நான் பாத்ததே இல்ல. படிப்பப் பத்தி எங்கம்மா எங்கிட்ட சொன்னது அது ஒண்ணுதான். வெளில வந்ததும் நெரப்பினியான்னு கேப்பாங்க. பொய் சொல்ல வரல எனக்கு. கடைசி அஞ்சு நிமிஷத்துல எல்லாத்தையும் நெரப்பிட்டேன்."

முப்பத்தொன்றில் நான்குதான் சரியாக விழுந்தது. பதினாறு மதிப்பெண் வந்தது, இருபத்தேழு போனது. நிரப்பாமல் விட்டிருந்தால் பதினொன்று மீந்திருக்கும். இடம் கிடைக்க ஒன்பது போதும். விடைக்குறிப்பை வைத்து அப்போதே அவள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். அம்மாவிடம் மட்டும் கேள்வி கஷ்டம் என்று சொல்லியிருக்கிறாள்.

"அம்மாக்கு கடைசி வரைக்கும் தெரியல. நீங்களும் சொல்லல. அதுக்கு ரொம்ப தேங்க்ஸ் மாமா" என்றாள். எனக்கு நிமிர்ந்து அவளைப் பார்க்க முடியவில்லை. என் தவிப்பைப் பார்த்து அவளே மனம் இளகியிருக்க வேண்டும். "நீங்க இன்னா பண்ணுவீங்க. பரீட்சைக்கு முன்னாடி உங்களுக்கும் அது தெரியாதுதான? அதான் சொல்லிட்டீங்க" என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

இப்போது அவள் திருவள்ளூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவறாமல் கூப்பிடுகிறாள். சாப்பிட்டீங்களா மாமா, உடம்பு எப்படி இருக்கு, எப்போ ஊட்டுக்கு வர்றீங்க என்று கேட்கிறாள். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துப் பேச்சைத் தொடங்குகிறேன். வெயிலைப் பற்றியோ ரயிலைப் பற்றியோ பேசி வைத்துவிடுகிறேன். நேரில் வராத சொல்லை எழுத்திலாவது அவளுக்கு வைக்க வேண்டும். எனக்குத் தெரியும் அம்மா. தேர்வுக்கு முந்தின வியாழக்கிழமை காலையிலேயே தெரியும்.