பெரிய டயர் போட்ட ஜீப்

எங்கள் ஜீப்பை ஓட்டுவது எப்போதும் என் மனைவிதான். முகையூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே டிராக்டர் ஓட்டியவள். எனக்கோ விழுப்புரம் கடைத்தெருவில் வண்டி ஓட்டவே பயம். ஞாயிற்றுக்கிழமையானால் அவள் ஓட்டுவாள், நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு மழைக்காலத்தின் முடிவில், நிரம்பாமல் சேறாய்க் கிடந்த எங்கள் ஊர் ஏரிக்குள் அவள் வண்டியை இறக்கினாள். சேற்றில் சிக்கிக்கொண்டது. வேகம் கொடுத்தாள், பின்னால் படக்கென்று ஒரு சத்தம். சக்கரங்களைத் தாங்கும் ஆக்ஸில் முறிந்துவிட்டது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவள் முழங்கால் சேற்றில் நின்று சிரித்தாள்.

"நல்ல ஆக்ஸிலா போட்டு, டயரையும் பெருசா மாத்திப்புடலாங்க. அப்புறம் கல்வராயன் மலைக்கே போலாம்."

வண்டியைக் கட்டி இழுத்துத் திண்டிவனத்தில் ஒரு பட்டறையில் விட்டோம். மெக்கானிக் தயங்கினார்.

"பெரிய டயரு போட்டா முன்ன பின்ன ரெண்டு ஆக்ஸிலும் கனமா மாத்தணும்க்கா. வண்டியும் ஒசரமாயிடும். ஏற எறங்க பேஜாரு."

"எனக்கா? எகிறிக் குதிச்சி ஏறுவேன். நீ ஜல்தியா முடிச்சிக் குடு."

சாமான்கள் வந்துசேரப் பல மாதம் ஆனது. இதற்கிடையில் அவளுக்கு முதுகுவலி தொடங்கியது. மல்லாட்டைக் கடலை மூட்டை தூக்கியதால் வந்த பிடிப்பு என்றுதான் இருவரும் நினைத்தோம். ஸ்கேன் எடுத்தபோது புற்றுநோய் முதுகெலும்புவரை போயிருந்தது.

வேலை முடிந்ததும் மெக்கானிக்கே ஜீப்பை வீட்டுக்கு ஓட்டிவந்தார். அவள் சுவரைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தாள். டயரைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். மறு கால் தரையைவிட்டு எழும்பவில்லை. இன்னொரு முறை முயன்றாள். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

"கீழ இன்னொரு படி வெல்டு பண்ணித் தர்றேண்ணே," என்றார் மெக்கானிக். குனிந்து படியின் உயரத்தை அளக்கத் தொடங்கினார்.

சில வாரம் கழித்து அவளே கேட்டாள்: "ஒரே ஒரு தடவ போலாங்க. நீங்க ஓட்டுங்க."

அவளைத் தூக்கி உட்காரவைத்தேன். தூக்குவதற்கு எனக்குப் பலமே தேவைப்படவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதே ஏரிக்குத்தான் போகச் சொன்னாள். மெதுவாக இறக்கினேன். முன்பு சிக்கிய, இன்னும் காயாத சேற்றை வண்டி வழுக்காமல் கடந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

"வலிக்குதா? திருப்பிடட்டுமா?"

"வலிக்குது. நீங்க போய்க்கினே இருங்க."

அக்கரைவரை போனோம். அங்கே இன்ஜினை நிறுத்தச் சொல்லி, என் தோளில் சாய்ந்து அழுதாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த மழைக்கு அவள் இல்லை.

ஜீப் ஒரு வருஷம் வாசலிலேயே நின்றது. காலையில் கதவைத் திறந்தால் அதுதான் முதலில் கண்ணில் படும். கடைசியில் திண்டிவனத்திலேயே ஒருவருக்கு விற்றுவிட்டு, பஸ்ஸில் திரும்பினேன். அதுவரை அடக்கிவைத்திருந்தது, ஜன்னலோரம் உட்கார்ந்ததும் பொங்கிவிட்டது. பக்கத்துச் சீட்டுப் பெரியவர் மெல்ல என் கையைத் தொட்டார்.

"என்னாச்சு சார்?"

"வண்டிய வித்துட்டேங்க."

"அட, வண்டிதானே. வேற வாங்கிக்கலாம், உடுங்க."

"ஆமாங்க," என்றேன்.