அக்கா பாத்த சீரியலும் நான் சொன்ன கதையும்

அக்கா போய் ஒரு வருஷம் ஆயிடுச்சு. நெனவு நாளுக்குப் போட்ட இந்தப் புக்க கையில வாங்கிக்கினு குந்தி இருக்கிற சொந்தக்காரங்க, லைன்காரங்க, அக்கா கூட ரயில்ல போன பொம்பளைங்க எல்லாரையும் தம்பி கும்புட்றேன். முன்பக்கத்துல பெரியப்பா மகன் நல்ல தமிழ்ல எழுதி இருக்காரு. அத படிச்சிட்டு இதுக்கு வந்தீங்கன்னா தார் ரோட்ல இருந்து தங்கச் சுரங்கத்துக் கழிவு மண்ணு, அந்த சைனைட் மேட்டுல எறங்கன மாதிரி இருக்கும், பொறுத்துக்கங்க. நான் படிச்சது மூணாங்கிளாஸ். அதுவும் ரெண்டு தடவ. நான் வாயில சொல்றேன், அக்கா பொண்ணு பாப்பா எழுதுது.

‘வாழ்ந்தார், மறைந்தார்’னு மரியாதையா போடணும்னாங்க. நான் அக்காவ என்னிக்கும் ‘ங்க’ போட்டுக் கூப்டதில்ல. இப்ப போட்டா, “யாருடா நீ?”ன்னு கேக்கும்.

அக்கா பொறந்தது சுரங்கத்து ஆளுங்களுக்குக் கட்டிவிட்ட கோரமண்டல் லைன் வீட்ல. நைனா அண்டர்கிரவுண்டு வேல. எனக்கு அஞ்சு வயசு, அக்காவுக்குப் பன்னண்டு, அப்ப அம்மா போயிடுச்சு. அன்னிலேர்ந்து எனக்கு மூக்கு சிந்திவிட்டது, தல வாரிவிட்டது, ஸ்கூலுக்கு இஸ்த்துக்கினு போனது எல்லாம் அக்கா தான். அது எடுத்த வேலையில உருப்படாம போனது அந்த ஸ்கூல் ஒண்ணு மட்டும் தான். அப்பால கல்யாணம் ஆச்சு, பாப்பா பொறந்துச்சு, மாமா நெஞ்சு வலியில சீக்கிரமே போயிட்டாரு. மைன்ஸ மூடிட்டாங்க. நைனாவும் இருமி இருமிப் போயிட்டாரு.

அப்ப அக்கா பெங்களூர்ல கார்மெண்ட்ஸுக்குப் போவ ஆரம்பிச்சிச்சு. இருட்டுல ரயில் ஏறும், இருட்டுல எறங்கும். சொந்த வீட்ட அது வெளிச்சத்துல பாத்தது ஞாயித்துக்கெழம மட்டும் தான். ‘வீட்டு ஆம்பள நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?’ன்னு கேப்பீங்க. பெயிண்ட் வேல வந்தா போவேன். வரலன்னா இன்னும் சந்தோஷமா இருப்பேன். கல்யாணம் பண்ணிக்கல. பொண்ணு குடுக்கற அளவுக்கு யாருக்கும் தைரியம் வரல.

அக்காவுக்குன்னு இருந்தது ஒரே அரமணி நேரம். எட்டரைக்கு ஒரு குடும்ப காமெடி சீரியல் வரும். கால் கழுவிட்டு, தட்டுல சோத்தப் போட்டுக்கினு குந்திடும். அப்ப யாரும் வாயத் தெறக்கக் கூடாது. எங்க லைன் வீடு செவுரு தட்டி மேல மண்ணு பூசனது, பக்கத்து வீட்டு மேரிம்மா அந்தப் பக்கம் இருந்தே கேட்டுக்கினு இருப்பாங்க. எங்க வீட்ல சிரிப்பு வந்தா அவங்க வீட்லயும் சிரிப்பு வரும்.

மத்த சீரியல் மாதிரி வெஷம் வைக்கறது, மாடிப்படியில தள்ளிவிட்றது எல்லாம் அதுல கெடையாது. தண்ணி மோட்டார யாரு நிறுத்தல, மாமியார் மூக்குக் கண்ணாடி மேல யாரு குந்தனது, இத வச்சே ஒரு வாரம் ஓட்டுவாங்க. “இன்னாக்கா இது, நம்ம வீட்ல நடக்கறதையே எதுக்குக் காசு குடுத்து பாக்கணும்?”னு கேட்டேன். “நம்ம வீட்ல நடக்கறப்போ நான் கார்மெண்ட்ஸ்ல இருக்கேன்டா”ன்னுச்சு.

அந்த சீரியல்ல ஒரு மாமன் இருக்கான். அக்கா வீட்டுக்கு ரெண்டு நாள் தங்க வந்து பதினோரு வருஷம் தங்கிட்டவன். வேல வெட்டி கெடையாது, வாய் மட்டும் நாலு ஊருக்குப் போதும். அவன் வந்தாலே மேரிம்மா செவுத்துக்கு அந்தப் பக்கம் இருந்து, “ஏய், உன் தம்பி வந்துட்டான் பாரு!”ன்னு கத்துவாங்க. எனக்கு அவ்ளோ பெருமை. என்னைத் தான் டிவில காட்றாங்கன்னு நெனச்சிக்கினு திரிஞ்சேன்.

அந்தப் பெருமையில தான் புத்தி கெட்டுப் போச்சு. சீரியல்ல பொண்ணு பாக்க வந்த மாப்ளைக்கு அந்த மாமன் காப்பியில உப்பப் போட்டுக் குடுத்தான். மாப்ள மூஞ்சி சுளிக்காம குடிச்சான், எல்லாரும் கை தட்டனாங்க. அடுத்த மாசம் நம்ம பாப்பாவ பாக்க பங்காருபேட்டையில இருந்து வந்தாங்க. நல்ல எடம், அக்கா ரெண்டு வருஷம் தேடிக் கெடச்ச எடம். நானும் ஒரு காப்பி கிளாஸ்ல உப்பப் போட்டேன். அந்தக் கிளாஸ மாப்ள எடுக்கல, அவங்க அப்பா எடுத்தாரு. ஒரு வாய் குடிச்சாரு, அப்டியே தரையில துப்பிட்டாரு.

“இன்னாங்க மரியாத இது? வீட்டுக்குக் கூப்டு அசிங்கப்படுத்தறீங்களா?”ன்னு எழுந்தாரு. “சும்மா தமாசுக்குங்க”ன்னு நான் சிரிச்சேன். அந்த நேரத்துல சிரிச்சவன் நான் ஒருத்தன் தான். சம்பந்தம் போச்சு. பாப்பா அன்னிக்கு எங்கிட்ட பேச்ச நிறுத்துச்சு. திட்டி இருந்தா கூடப் பரவால்ல. ரெண்டு வருஷம் ஒரே வீட்ல, ஒரு பேச்சு இல்ல.

அக்கா தரைய தொடச்சிட்டு வந்து குந்துச்சு.

“அந்த சீரியல்ல மறுநாள் இன்னா ஆச்சு தெரியுமா?”

“தெரியாதுக்கா. அன்னிக்கு நான் சீட்டாடப் போயிட்டேன்.”

“அந்த மாமன் மாப்ள வீட்டு வாசல்ல போய் நின்னான். அவங்க கதவத் தெறக்கல. மறுநாளும் போனான். நாலாவது நாள் தான் உள்ள விட்டாங்க. நீ சிரிப்பு வர்ற பாதிய பாத்துட்டு எழுந்து போயிட்ற. இன்னொரு பாதிய யாருடா பாப்பாங்க?”

எனக்கு இப்ப தான் புரியுது, அக்கா எதுக்கு அந்த சீரியல விடாம பாத்துச்சுன்னு. சினிமால ஒரு பாட்டுல திருந்திட்றான். இதுல ஒருத்தன் ஒரு விரக்கட அளவு திருந்தறதுக்கு ஆறு மாசம் ஆவுது, அப்பறம் அர விரக்கட பின்னாடி போறான். வீட்ல இருக்கறவங்களும் திட்டிக்கினே அவனுக்கு ஒரு தட்டு எடுத்து வைக்கறாங்க. எனக்கு எடுத்து வச்ச மாதிரி.

அப்பால அக்காவுக்கு சுகர் ஏறி கிட்னி போச்சு. கோலார்ல ஆஸ்பத்திரில சேத்தோம். காலையில நான், மத்தியானத்துக்கு மேல லேப் வேல முடிச்சிட்டு பாப்பா. பஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட் தான். வார்டு வாசல்ல கூட மூஞ்சி பாத்துக்க மாட்டோம். பெஞ்சு மேல பைய வச்சிட்டு நான் போவேன், அது வந்து எடுத்துக்கும். சிஸ்டரு கூட, “நீங்க ரெண்டு பேரும் ஒரே பேஷண்டுக்குத் தான வர்றீங்க?”ன்னு கேட்டாங்க.

வார்டுல டிவி கெடையாது. நான் போனதுமே அக்கா கேக்கும், “நேத்து இன்னாடா ஆச்சு?” அதுக்காவே எட்டரைக்கு நான் தனியா குந்தி முழுசா பாத்தேன். ஒரு வாரம் மழையில கேபிள் போச்சு. ‘பாக்கல’ன்னு சொல்ல வாய் வரல. அந்த மூஞ்சி வீங்கிப் போய் என்னையே பாத்துக்கினு இருக்குது. நானே கத விட ஆரம்பிச்சேன்.

“அந்த மாமன் சோறு ஆக்கக் கத்துக்கறான்கா. வீட்டுப் பொண்ணு வேல முடிஞ்சி லேட்டா வருதுல்ல, அதுக்கு.”

“பொண்ணு சாப்டுச்சா?”

“மொத நாள் சாப்டல. ரசம் அந்த லட்சணம். அவனே குடிச்சிட்டு வாய் கொப்பளிச்சான்.”

“அப்பறம்?”

“நேத்து சாப்டுச்சு. ஒண்ணும் சொல்லல. ஆனா அவன் தட்டையும் சேத்துக் கழுவி வச்சிட்டு போச்சு.”

அக்கா கண்ண மூடிக்கினு, “இது நல்லா இருக்குது. நாளைக்கும் பாத்துட்டு வா”ன்னுச்சு. கேபிள் வந்த அப்பறமும் நான் டிவி பக்கம் போவல. எங்க வீட்ல நடக்கறதயே சொல்லிக்கினு இருந்தேன். எனக்கும் களைப்பு. பஸ்ஸு, ஆஸ்பத்திரி, அடுப்பு. தமாசு பேசறவனுக்கு ஒடம்பு வலிக்காதுன்னு எல்லாரும் நெனைக்கறாங்க.

ஒரு நாள் அக்கா என் கையப் புடிச்சிக்கிச்சு. “அவன் அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேப்பானா மாட்டானா? நான் இருக்கற வரைக்கும் அந்தக் காட்சி வருமா?”

“அது எழுதறவங்க கையில இருக்குதுக்கா.”

“எழுதறவன் யாருன்னு எனக்குத் தெரியும்டா.”

அன்னிக்கு என் ஷிப்ட் முடிஞ்சும் நான் பெஞ்ச விட்டு எழுந்திரிக்கல. பாப்பா வந்துச்சு. என்னப் பாத்ததும் அப்டியே நின்னுடுச்சு. நாலு தமாசு யோசிச்சு வச்சிருந்தேன், ஒண்ணும் வரல. “பாப்பா, அன்னிக்கு நான் பண்ணது தப்பு. உன் வாழ்க்கைய வச்சு வெளையாடிட்டேன். மன்னிச்சிடு”ன்னேன். இவ்ளோ தான். ரெண்டு வருஷமா வராத பேச்சு, சொல்ல எவ்ளோ நேரம் ஆச்சுன்றீங்க? சிஸ்டரு ஒரு ஊசி போட்ற நேரம் கூட ஆவல.

பாப்பா உள்ள போச்சு, அக்காவுக்குக் கஞ்சி குடுத்துச்சு. நான் கெளம்பலாம்னு எழுந்தேன். “இரு மாமா. டைம் முடிஞ்சதும் சேந்தே போவலாம்”னுச்சு.

பஸ்ல தான் சொல்லுச்சு. “மாமா, அம்மா தெனம் மத்தியானம் என் போன்ல சீரியல் பாக்குது. அதுல அந்தக் குடும்பமே மூணு வாரமா கொடைக்கானல் டூர் போயிருக்காங்க. நீ சொல்ற கதையில சோறு ஆக்கிக்கினு இருக்காங்க.”

எனக்கு பஸ்ஸ விட்டு எறங்கி ஓடிடலாமான்னு இருந்துச்சு.

“மொத நாளே அம்மாவுக்குத் தெரியும். நான் வந்ததும் உன் கதைய எங்கிட்ட சொல்லும். அதுக்கப்பறம் தான் போனக் குடுன்னு கேக்கும்.”

மறுநாள் காலையில தல குனிஞ்சிக்கினு போனேன். அக்கா எப்பவும் போல கேட்டுச்சு. “நேத்து இன்னாடா ஆச்சு?”

“ரெண்டு பேரும் ஒரே பஸ்ல வீட்டுக்குப் போனாங்கக்கா.”

“சீட் கெடச்சிச்சா?”

“ஒண்ணு தான் கெடச்சிச்சு. பொண்ணு குந்துச்சு, அவன் நின்னுக்கினு போனான்.”

“நிக்கட்டும்”னு சொல்லிட்டு அக்கா செவுத்துப் பக்கம் திரும்பிக்கிச்சு. சிரிச்சிச்சா அழுதுச்சான்னு நான் எட்டிப் பாக்கல. அந்த வாரத்துலயே போயிடுச்சு. நாங்க ரெண்டு பேருமே பக்கத்துல இருந்தோம்.

ரத்தம் குடுத்த லைன் பசங்க, தெனம் இட்லி குடுத்தனுப்பன மேரிம்மா, ஷிப்ட் முடிஞ்ச அப்பறமும் நின்னு பாத்த சிஸ்டருங்க, ஒரு நாள் சம்பளம் போனாப் போவுதுன்னு அத்தன பேரும் வந்து கடைசியா அக்காவத் தூக்கிவிட்ட ரயில் பொம்பளைங்க, புத்த விஹாருல இருந்து வந்து வந்தனை சொன்ன பெரியவங்க, உங்க எல்லாருக்கும் நன்றி. பேரு போட்டா ஒரு பேரு விட்டுப் போவும், அப்பால எனக்குத் தான் திட்டு.

ஒரு விஷயம் சொல்லணும். வர்ற ஞாயித்துக்கெழம பாப்பாவ பாக்க ஊரிகத்துல இருந்து மாப்ள வீட்டுக்காரங்க வர்றாங்க. “நான் வீட்ல இருக்கட்டுமா, எங்கியாச்சும் போயிடட்டுமா?”ன்னு கேட்டேன். பாப்பா எழுதறத நிறுத்திட்டு என்ன நிமிந்து பாத்துச்சு. “அம்மா எடத்துல யாரு மாமா குந்துவாங்க?”ன்னுச்சு.

குந்தறேன்னு சொல்லிட்டேன். பெரியவங்க யாராச்சும் வந்து என் பக்கத்துல குந்திக்கங்க.