குழாய்க்குள் கேட்ட தட்டு

இதை என் மனைவியே இன்னும் நம்பவில்லை. நான் கடவுளுக்குப் பயந்தவன், ஒரு சொல் கூட்டிச் சொல்ல மாட்டேன். இருட்டில் நடந்ததும் இல்லை. நடுப்பகல். வெயில் சுளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

வீட்டு நீச்சல் குளங்களில் கசிவைக் கண்டுபிடித்து அடைப்பது என் தொழில். அந்த வீட்டுக் குளத்தில் தினமும் இரண்டு விரல் தண்ணீர் குறைகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். முதல் நாளே குளத்துப் படியில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, இரண்டிலும் கோடு போட்டுவிட்டு வந்திருந்தேன். வாளியிலும் குறைந்தால் வெயில் குடித்தது. குளத்தில் மட்டும் குறைந்தால் கசிவு.

குளத்தில் மட்டும்தான் குறைந்திருந்தது.

11:40. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, குழாய் போகும் வழியெல்லாம் தரையில் மைக்கை வைத்து நகர்ந்தேன். கசிவு இருந்தால் 'ஸ்ஸ்ஸ்' என்று கேட்கும்.

"என்ன மேஸ்திரி, பூமிக்கு பிரஷர் பாக்குறீங்களா?" என்றார் வீட்டுக்காரர்.

"அது வாயைத் திறந்து எங்க வலிக்குதுன்னு சொல்லாதுல்ல சார். நாமதான் காது குடுக்கணும்."

அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்தார். "முதல்ல இதக் குடிங்கண்ணே. வெயில் மண்டையப் பொளக்குது." அந்த ஒரு டம்ளர் தண்ணீரை நான் மறக்க மாட்டேன்.

"இதுக்கு முன்னாடி ஒருத்தர் பாத்தாருன்னு சொன்னீங்களே, எங்க அடைச்சாரு?"

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். "வேலை பாதியில நின்னுபோச்சு. நீங்க ஆக வேண்டியதப் பாருங்க," என்றார் வீட்டுக்காரர்.

ஆழமான பக்கம் மைக்கை வைத்தேன். 'ஸ்ஸ்ஸ்' இல்லை.

டக்… டக்.

எங்கள் தொழிலில் ஒருவர் தண்ணீருக்குள் இருப்பார், ஒருவர் மோட்டார் அறையில் இருப்பார். பேச முடியாது. குழாயில் ஸ்பேனரால் தட்டுவோம். மூன்று தட்டு என்றால் மோட்டார் ஓடட்டும். இரண்டு என்றால் நிறுத்து.

மோட்டார் ஓடவே இல்லை.

டக்… டக்.

"சார், அடித் துளைக்குள்ள யாரோ தட்டுறாங்க. இன்னிக்கு யாரும் இறங்க வேண்டாம்."

அவர் முகம் வெளுத்தது. உடனே குரல் உயர்ந்தது. "அங்க ஒண்ணும் கிடையாது! நானே கைய விட்டுக் காட்டவா?"

அடித் துளை என்பது தண்ணீரை மோட்டாருக்கு இழுக்கும் வழி. அதன் கம்பி மூடியைக் காலையிலேயே கழற்றியிருந்தேன். "ஒரு நிமிஷம் சார்!" என்று மோட்டார் அறைக்கு ஓடினேன். யார் தண்ணீரில் இறங்கினாலும் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது என் வழக்கம். பிடுங்கினேன். போட்டுக்கொண்டேன்.

12:15. வெளியே 'தொபீர்' என்று சத்தம். குதித்துவிட்டார்.

மோட்டார் ஓடத் தொடங்கியது.

பையைத் தொட்டுப் பார்த்தேன். ஃபியூஸ் இருந்தது. சுவிட்சும் அணைந்தே இருந்தது. ஆனால் மோட்டார் ஓடியது…

டக்… டக்.

"ஐயோ, அவர் மேல வரலையே!" அந்த அம்மா அலறினார்.

கை துளையில் மாட்டியிருக்கும். மோட்டார் ஓடும்வரை நான்கு பேர் இழுத்தாலும் வராது.

டக்… டக். என்னை அறியாமல் எண்ணினேன். நான்கு தடவை. ஐந்து தடவை.

ஸ்பேனரை எடுத்துக் குழாயில் இரண்டு தட்டினேன். நிறுத்து.

பதில் வந்தது.

டக்… டக்… டக்.

ஓடட்டும்.

மீண்டும் இரண்டிரண்டாக… எட்டு. ஒன்பது. பத்து.

ஸ்பேனரைக் கீழே போட்டேன். இரண்டு கையையும் குழாயில் வைத்தேன். பனிக்கட்டி மாதிரி இருந்தது.

"அண்ணே… நீங்க யாருன்னு தெரியாது. யாரோ உங்கள ரொம்ப நோகடிச்சிருக்காங்க. அவங்களுக்காக நான் மன்னிப்புக் கேக்குறேன். அந்தம்மாவ நெனச்சு விட்டுடுங்கண்ணே…"

மோட்டார் நின்றது.

12:17.

இழுத்துக் கரையில் போட்டோம். உயிர் இருந்தது. முழங்கைக்கு மேலே நீல வளையம்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில், சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"முன்னாடி வந்தவரு தண்ணிக்குள்ள எறங்கி மூணு தட்டினாரு. மோட்டாரப் போட்டேன். அப்புறம் ரெண்டு ரெண்டா தட்டினாரு. அன்னிக்குக் காலையில இவ முன்னாடி என்னைக் கொறை சொல்லிட்டாரு. அந்தக் கோவம்… கொஞ்சம் தவிக்கட்டும்னு நின்னேன். பதினோரு தடவ தட்டினாரு. அப்புறம் தட்டல. அவரே மோட்டாரப் போட்டுட்டு எறங்கிட்டார்னு போலீஸ்ல சொல்லிட்டேன்."

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

"அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லுங்க சார். போலீஸ்லயும் சொல்லுங்க. அதுதான் உங்களக் காப்பாத்தும்," என்றேன். தலையாட்டினார்.

நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் அந்த அம்மா போன் செய்தார். குளத்தை வற்ற விட்டு, மோட்டாரையும் கழற்றி எறிந்துவிட்டார்களாம்.

"எறந்துபோனவரு வீட்டுக்கு இவரு இன்னும் போகலண்ணே," என்றார்.

அன்று மோட்டார் அறையில் நான் எண்ணியது பத்துதான்.

பதினோராவது மிச்சம் இருக்கிறது…